மண் அணைக்காத பன்னிரண்டு வரிசை

ஹிலியர், ஒன்டாரியோ
ஜனவரி 19

அன்புள்ள இல்டிகோவுக்கு,

இங்கே நான் நலம், நாயும் நலம், டிராக்டருக்கு மட்டும் சளி பிடித்திருக்கிறது. நீயும் மார்கிட்டும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் கடிதம் எழுதுவதைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வரும். கல்யாணத்துக்கு முன்னால் டொரன்டோவுக்கு எழுதியதோடு சரி. ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் வானிலையைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்துநான்கு என்று நீ சொன்னாய். இங்கே மைனஸ் இருபத்தொன்பது என்று நான் சொன்னேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாமல், போனை மகளிடம் கொடுத்துவிட்டாய். காகிதத்தில் எழுதினால் நடுவில் யாரிடமும் கொடுக்க முடியாது பார்.

குழந்தையின் போட்டோ வந்தது. மூக்கு அப்படியே என் மூக்கு. அதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று மார்கிட்டிடம் சொல். லாஸ்லோ என்று உன் அப்பாவின் பெயரையே வைத்திருப்பதை அவள்தான் சொன்னாள். 'தாத்தா செப்டம்பர்ல போனதுக்கப்புறம் அந்தப் பேரக் கூப்பிட வீட்ல ஆளே இல்லாமப் போச்சேப்பா, அதான்' என்றாள். நல்ல பெயர் என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

திராட்சைத் தோட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதே. வீட்டை ஒட்டிய முப்பது வரிசைக் கொடியும் மண்ணுக்குள்ளே பத்திரமாகத் தூங்குகின்றன. மேலே ஒன்றரை அடி பனி வேறு. ஏரிக்காற்று என்ன ஆட்டம் ஆடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கீழ் வயலில் அந்தப் பன்னிரண்டு வரிசைதான் நீ கிளம்பிப் போனபோது பார்த்தபடி முழுக்க மூடாமல் நின்றன. முதல் உழவில் காலுக்கு மண் அணைத்தாயிற்று. குச்சிகளை வளைத்துக் கீழ்க்கம்பியில் கட்டி, அதன் மேல் இரண்டாவது மண்ணைப் போடுவதற்குள் தரை இறுகிவிட்டது. கலப்பை கல்லில் ஏறின மாதிரி துள்ளுகிறது. நவம்பரில் அப்படி ஒரே நாளில் இறுகும் என்று யார் கண்டார்கள்? அது யாருடைய தப்பும் இல்லை.

ஆனாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. டிசம்பரில் இரண்டு நாள் குளிர் கொஞ்சம் தணிந்தது. குச்சி ஒடியாமல் வளைகிற அளவுக்கு இளகியது. அந்த இரண்டு நாளில் பன்னிரண்டு வரிசையையும் படுக்க வைத்துக் கட்டி, பக்கத்துத் தோட்டத்து வெண்டலின் கொட்டகையிலிருந்து நூற்றறுபது கட்டு வைக்கோல் கொண்டுவந்து தலை முதல் கால் வரை மூடிவிட்டேன். வெண்டல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, 'என்ன கார்னெட், கொடிக்கு மெத்தை தைக்கிறியா? தலையணையும் வச்சுரு, பாவம்' என்று கேலி செய்தான். செய்யட்டும். அவன் சிரிப்பை ஏப்ரலில் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பினோ நுவார் திராட்சை முழுக்க நீ முழங்கால் போட்டு நட்டது. அதைக் குளிரில் விட்டுவிட்டுச் சும்மா இருப்பேனா?

சமையல் நடக்கிறது. காய்ந்த பீன்ஸை எத்தனை மணி நேரம் ஊற வைப்பாய் என்று எழுது. என்னுடையது பல்லில் படும்போது சத்தம் கேட்கிறது. வியாழக்கிழமை சமூகக் கூடத்தில் சீட்டாட்டம். நீ இல்லாததால் வெண்டலோடு ஜோடி சேர்ந்து வாரா வாரம் தோற்கிறேன்.

ஒரு விஷயம். நீ திரும்பி வர இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று மார்கிட் பேச்சுவாக்கில் சொன்னாள். குளிர்காலத்தில் விலை அதிகமாக இருக்கும், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தானே?

பேரனுக்கு என் ஆசியும், பெரியவர்களுக்கு என் அன்பும்.

உன்
கார்னெட்

----

பிப்ரவரி 11

அன்புள்ள இல்டிகோவுக்கு,

உன் அட்டை வந்தது. 'வைக்கோலை எடுத்துவிடு. எலி சேரும்.' இவ்வளவுதான். முன்னால் வணக்கம் இல்லை, கீழே பெயர் இல்லை. பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தேன், வின்னிபெக் ஆற்றுப் பாலத்தின் படம்தான் இருந்தது.

எலி மைனஸ் இருபத்தெட்டில் எங்கே வரப்போகிறது? அதுவும் எங்காவது சுருண்டு படுத்திருக்கும். நீ இங்கே நேரில் இருந்து பார்த்தால் ஒத்துக்கொள்வாய். வைக்கோலை இப்போது எடுத்தால் அத்தனையும் ஒரே வாரத்தில் கருகிவிடும். அதனால் எடுக்கவில்லை.

இன்னொரு செய்தி. கேட்டால் சந்தோஷப்படுவாய். கீழ் வயலில் வைக்கோலுக்குள் கைவிட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குச்சி ஒடித்து வந்து, இரண்டு நாள் சமையலறையில் தண்ணீரில் வைத்திருந்து, போன புதன்கிழமை பிளேடால் ஒவ்வொரு மொட்டுக்கண்ணாக அறுத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, நீ செய்கிற மாதிரியே செய்தேன். நூறு கண் அறுத்ததில் அறுபத்தொன்று உள்ளே பச்சை, உயிரோடு! முப்பத்தொன்பதுதான் காப்பிப்பொடி நிறம், செத்தவை. வெண்டல் சோதனைக்கென்று மூடாமல் விட்ட ஒரு வரிசையில் நூற்றுக்கு நாலுகூடத் தேறவில்லை.

வியாழக்கிழமை கூடத்தில் இதைச் சொன்னதும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். வைக்கோல் எவ்வளவு கனம், கட்டைப் பிரித்துப் போட்டாயா, அப்படியே வைத்தாயா என்று ஒரே கேள்வி. ஐந்து பேர் அடுத்த குளிருக்கு வைக்கோல்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அன்றைக்கு நான் நடந்து வந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

எலி விஷயத்தில் நீ பயந்தது வீண் என்று சொல்லிக்காட்ட எழுதவில்லை. சும்மா தெரிவிக்கிறேன்.

லாஸ்லோவுக்கு வயிற்றுவலி சரியாகிவிட்டதா?

உன்
கார்னெட்

----

மார்ச் 30

அன்புள்ள இல்டிகோ,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடுப்பில் போட்டேன். இது நாலாவது. நன்றாக வராவிட்டாலும் அனுப்பிவிடப் போகிறேன்.

எலி வந்திருக்கிறது. டிசம்பரிலேயே வந்திருக்கிறது. நான் மெத்தை விரித்துப் போட்ட அன்றைக்கே குடும்பத்தோடு குடியேறியிருக்கிறது.

போன வாரம் பனி உருகி வைக்கோல் அமுங்கியதும் கவைக்கோலால் முதல் வரிசையைப் பிரித்தேன். கீழே வீதி வீதியாகப் பாதை போட்டு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கொடியிலும் மண்மேட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குத் தோலே இல்லை. சுற்றிலும் ஒரு வளையமாகக் கடித்து உரித்து, தண்டு எலும்பு மாதிரி வெள்ளையாக நின்றது. முதல் கொடியைப் பார்த்து ஏதோ ஒன்று இரண்டு என்று நினைத்தேன். இருட்டும் வரை பிரித்துக்கொண்டே போனேன். ஆயிரத்து நானூறு கொடியில் தோல் தப்பியது எழுபத்தொன்று. அந்த எழுபத்தொன்றும் வடக்கு மூலையில், வைக்கோல் போதாமல் நான் மெல்லிசாகப் போட்ட இடம்.

நான் அறுத்துப் பார்த்துக் குதித்தேனே அந்தப் பச்சைக் கண், அது இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. தோல் போன கொடியில் அது எத்தனை நாளைக்கு? அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வெண்டல் வந்தான். வழக்கமாக ஏதாவது நக்கலாகச் சொல்வான் என்று தயாராக நின்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். 'இல்டிகோவுக்குத் தெரியுமா?' என்று மட்டும் கேட்டான். அவள்தான் முன்னாடியே எச்சரித்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. 'இனிமேதான் எழுதணும்' என்றேன். அவன் போன பிறகு அதுவே என்னை அரித்துக்கொண்டிருந்தது. அவனிடம்கூடச் சொல்ல முடியாதவன் உன்னிடம் எப்படிச் சொல்லப்போகிறேன்?

சரி, சொல்கிறேன். யாருடைய தப்பும் இல்லை என்று ஜனவரியில் எழுதினேனே, அது பொய். என் தப்பு.

நவம்பர் பதினைந்தாம் தேதி நீ ரேடியோவைக் கேட்டுவிட்டுக் களத்துக்கு வந்தாய். 'வியாழக்கிழமைக்குள்ள மூடிருவோம் கார்னெட், தரை இறுகப்போகுது' என்றாய். இலை இன்னும் முழுக்க உதிரவில்லை, இப்போது மூடினால் கண் அழுகிவிடும், இரண்டு கடுமையான உறைபனி விழட்டும் என்று நான் சொன்னேன். அது ஒரு நியாயம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ மறுபடி சொன்னாய், மூன்றாவது தடவையும் சொன்னாய். வேலைக்கு வந்த ஓரலும் மற்றப் பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. 'உங்கப்பா பின்கட்டு வேலில வச்சிருந்த ஒத்தக் கொடிய வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காத' என்றேன்.

அவரை அடக்கம் செய்து அப்போது ஐம்பது நாள்கூட ஆகவில்லை.

நீ கையுறையைக் கழற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனாய். பத்து நாளில் பிரசவத்துக்குத் துணை என்று ரயில் ஏறினாய். பிரசவத்துக்குத்தான் போகிறாய் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன். குழந்தைக்கு இப்போது நாலு மாதம் ஆகப்போகிறது, இல்டி.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிள் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் திராட்சை வைத்தபோது எனக்கு என்ன தெரியும்? தக்காளி தெரியும், ஆப்பிள் தெரியும். முதல் குளிருக்கு முன்னால், கொடியைப் படுக்கவைத்து மண்ணால் மூட வேண்டும் என்று சொன்னவளே நீதான். உன் அப்பா அக்டோபர் வந்ததும் டொரன்டோ வீட்டின் பின்கட்டில் பள்ளம் தோண்டி, கொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பாராம். நீ சின்னப் பெண்ணாக நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாயாம். மேலே பழைய கதவு ஒன்றைப் போட்டு மண்ணைத் தள்ளுவாராம். ஹங்கேரியிலிருந்து ஓடி வந்தபோது கொண்டுவர முடியாத கொடிக்குப் பதிலாக வைத்தது என்று நீதான் எனக்குச் சொன்னாய். கவாத்துச் செய்து குச்சிகளைக் கழிக்கும்போது நாலு குச்சி விடு, இரண்டு நமக்கு, இரண்டு குளிருக்கு என்பதும் அவர் கணக்குத்தான். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள். ஒத்தக் கொடி வைத்திருந்தவரிடமிருந்து வந்தது அது.

ஜனவரியில் நீ அட்டை போட்டதையாவது கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. ஒரே குளிர்காலத்தில் ஒரே ஆள் சொன்னதை இரண்டு தடவை கேட்காதவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உன்னிடம் இதுவரை நான் இப்படிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இந்தப் பன்னிரண்டு வரிசையை என்ன செய்யட்டும்? பிடுங்கிவிட்டு, மண்ணால் மூடவே தேவையில்லாத வேறு ரகம் வைக்கலாமா? அப்படியே விட்டுப் பார்க்கலாமா? நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். ஒரு வரி போதும். வணக்கம்கூட வேண்டாம்.

கார்னெட்

----

மே 27

அன்புள்ள இல்டிகோவுக்கு,

உன் அட்டையைச் சமையலறையில், காலண்டருக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறேன். 'மேட்டு மட்டத்துக்கு வெட்டு. எதையும் விடாதே. பொறு.' போன தடவையைவிட இரண்டு வார்த்தை கூடுதல். எண்ணிப் பார்த்தேன்.

அது வந்த அன்றைக்கே செய்திருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இனி உனக்குப் பொய் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆறு நாள் கழித்துத்தான் செய்தேன். ஏனென்றால் ஏப்ரல் நடுவில் வெயில் ஏறியதும் அந்தக் கண்கள் எல்லாம் உப்ப ஆரம்பித்துவிட்டன. தோல் இல்லாத கொடியில் கண் திறக்கிறது! பஞ்சு மாதிரி இளஞ்சிவப்பாக எட்டிப் பார்க்கிறது. வெண்டல் என் தோளைப் பிடித்து உலுக்கினான். 'வெட்டாத கார்னெட்! அதான் உயிரோட இருக்கே. இந்த வருஷக் காய எடுத்துட்டு அப்புறம் பாத்துக்கலாம். வின்னிபெக்ல உக்காந்துக்கிட்டு அவங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றான். எனக்கும் அவன் சொன்னதுதான் சரி என்று பட்டது. உண்மையைச் சொன்னால், ரொம்பவே பட்டது.

அந்த வாரம்தான் ஓரல் இந்த வருஷ வேலைக்கு ஜமைக்காவிலிருந்து வந்து சேர்ந்தான். வண்டியை விட்டு இறங்கும்போதே, 'அம்மா எங்க முதலாளி?' என்று கேட்டான். மகள் வீட்டில் என்றேன். 'இன்னுமா?' என்றான். பிறகு கீழ் வயலுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். 'நவம்பர்ல அம்மா மூடணும்னு சொன்னாங்கல்ல. நானும் அங்கதான நின்னேன். அன்னிக்கு ஒரு வார்த்த பேசாம இருந்துட்டேன் முதலாளி, எனக்கே வெக்கமா இருக்கு' என்றான். வெட்கப்பட வேண்டியவன் நான், நீ எதற்கு என்றேன். 'அப்போ அவங்க இப்ப என்ன செய்யச் சொல்றாங்க?' என்று கேட்டான். அட்டையைக் காட்டி, வந்து ஆறு நாள் ஆயிற்று என்றேன். படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். 'எழுதினது நல்லாத் தெளிவாத்தான இருக்கு? எதுக்கு ஆறு நாளு?' என்றான். கொட்டகைக்குப் போய்ப் பெரிய கத்தரிக்கோல் இரண்டை எடுத்து வந்தேன்.

நான்கு நாள் வெட்டினோம். மண்மேட்டு மட்டத்துக்கு, எதையும் விடாமல். எழுபத்தொன்றை மட்டும் கயிறு கட்டி அடையாளம் வைத்து விட்டோம், அவை தோல் உள்ளவை என்பதால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். வெட்டின ஒவ்வொரு முனையிலும் தண்ணீர் சொட்டியது. கண் திறந்த குச்சியைக் கையில் பிடித்து வெட்டுவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது நாள் மத்தியானம் நான் வரிசை நடுவில் உட்கார்ந்துவிட்டேன். ஓரல் என் பங்கையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போனான்.

ஒரே ஒரு கொடி தப்பிவிட்டது. ஏழாவது வரிசைக் கடைசியில், மூலைத் தூணுக்குப் பின்னால் நின்றதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. மே பத்தாம் தேதி போய்ப் பார்க்கிறேன், உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டு ஜம்மென்று நிற்கிறது. அத்தனையையும் வீணாக வெட்டித் தொலைத்துவிட்டோமோ என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை. தினமும் போய் அதையே பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை இலை ஓரத்தில் சுருண்டது. வெள்ளிக்கிழமை மொத்தமும் தொங்கிவிட்டது. வேர் பட்டினி கிடந்து இருந்ததையெல்லாம் மேலே அனுப்பித் தீர்த்துவிட்டது. வெண்டலைக் கையோடு கூட்டிப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். 'வின்னிபெக்லேர்ந்து நல்லாத்தான் தெரியுது போல' என்றான்.

கூடத்திலும் சொல்லிவிட்டேன். ஐந்து பேர் வைக்கோலுக்குச் சொல்லி வைத்திருந்தார்களே, அவர்களை அப்படியே விட முடியுமா? விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். எனக்கு மேடைப்பேச்சு வராது, தெரியுமே. என் மனைவி நவம்பரில் மண்ணால் மூடச் சொன்னாள், நான் கேட்கவில்லை. ஜனவரியில் வைக்கோலை எடுக்கச் சொன்னாள், அதையும் கேட்கவில்லை. எலி ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கொடியைத் தின்றுவிட்டது. வைக்கோல் போடாதீர்கள், முடிந்தால் வீட்டில் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஒரு பெண், 'இதக் கேக்கத்தான் பதினாலு வருஷமா இந்தக் கூட்டத்துக்கு வந்துட்டிருக்கேன்' என்றாள். கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அசடு வழிந்தாலும் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

இப்போது நல்ல செய்தி. கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

மேட்டைக் கிளறியபோது பார்த்தோம். மண்ணுக்குள்ளே இருந்த அடிப்பாகத்தில் தோல் அப்படியே இருக்கிறது, எலி அங்கே இறங்கவில்லை. போன வாரம் முதல் துளிர் வந்தது. நேற்று பன்னிரண்டு வரிசையும் நடந்து எண்ணினேன். ஆயிரத்து நூற்று எண்பது கொடி காலிலிருந்து துளிர்த்திருக்கிறது, இல்டி! ஒவ்வொன்றிலும் மூன்று, நாலு, சிலதில் ஆறு. நகம் அளவுதான், ஆனால் அப்படி ஒரு பச்சை. இந்த வருஷம் அந்த வயலில் ஒரு பழம் இருக்காது. அடுத்த வருஷம் கொஞ்சம். அதற்கடுத்த வருஷம் பழையபடி நிற்கும். மற்ற முப்பது வரிசையும் ஒரு குறையும் இல்லாமல் எழுந்துவிட்டன. நாலு குச்சியும் உயிரோடு இருந்ததால், குளிருக்கென்று விட்ட இரண்டையும் நாங்களே வெட்டி எடுத்தோம்.

இந்தத் துளிர்களில் எந்த இரண்டை வைத்துக்கொள்வது, எதைக் களைவது என்பதை மூன்று வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஓரலிடம் சொல்லியிருக்கிறேன். நானும் வைக்கவில்லை.

உடனே வந்து பார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு யோசித்தேன். கொடியைச் சாக்காக வைத்து உன்னை வரவழைத்தால், அது களத்தில் நின்று நான் கத்தினதற்கு எந்த விதத்தில் மேல்? நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் பேச வேண்டியது கொடியைப் பற்றி இல்லை.

அதனால் நான் வருகிறேன். மே, ஜூனில் தோட்டத்தை விட்டு ஒரு நாளும் நகராதவன் என்று நீ என்னைச் சொல்லிக்காட்டுவாயே, டிக்கெட் எடுத்துவிட்டேன். தோட்டத்தை ஓரல் பார்த்துக்கொள்வான். 'போங்க முதலாளி, நீங்க இல்லாட்டி வேல சீக்கிரம் முடியும்' என்று விரட்டுகிறான். விமானம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, ரயிலில்தான் வருகிறேன். இன்றைக்குப் பத்தாம் நாள், வியாழக்கிழமை காலை அங்கே இருப்பேன்.

உன் அப்பாவைப் பற்றி நான் சொன்னது தப்பு. மண்ணால் மூடாமல் விட்டதைவிடப் பெரிய தப்பு. அதற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பிறகு லாஸ்லோவை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை நானும் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். அந்த உரிமை எனக்கு இன்னும் இருந்தால்.

குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். மார்கிட்டுக்கு என் முத்தம். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், விலாசம் இருக்கிறது, விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். மணி அடிக்கும்போது கதவை மட்டும் மார்கிட் வந்து திறக்க வேண்டாம். நீ திற.

உன்
கார்னெட்